ப்ரொபோஸ் செய்யும்போது ஒளிந்திருந்து படமெடுக்க போட்டோகிராஃபர் வைக்கலாமா?

ஜனவரி 12, மாலை (வாசகர் கேள்வி)

காதலிக்கும் பெண்ணிடம் அடுத்த மாதம் கல்யாணத்துக்குக் கேட்கப் போகிறேன். அவளுக்குத் தெரியாமல் ஒரு போட்டோகிராஃபரை ஏற்பாடு செய்யலாம் என்று ஆசை. நண்பன் ஒருவன், "உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடக்க வேண்டியது, மூன்றாவது ஆள் எதற்கு?" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் படுகிறது. வைக்கலாமா? வைத்தால் அவரை எங்கே நிற்க வைப்பது?

ஜனவரி 12, இரவு

வைக்கலாம். கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். இந்த வேலையும் அவ்வப்போது வரும். வருகிறவர்களிடம் இடம், நேரம் எல்லாம் அப்புறம்தான் கேட்பேன். முதல் கேள்வி, "கல்யாணம் பற்றி நீங்கள் இருவரும் ஏற்கெனவே பேசியிருக்கிறீர்களா?" என்பதுதான். பேசியிருந்தால், எந்த நாள், எந்த நேரம் என்பது மட்டுமே அவருக்குத் தெரியாமல் இருக்கும். அந்த அளவு ரகசியம் இனிப்பானது. பேச்சையே எடுக்காமல் நேரே மோதிரத்தோடு போய் நிற்கப் போகிறேன் என்றால் கேமரா வேண்டாம். முதலில் பேசுங்கள்.

மூன்றாவது ஆள் விஷயம். ஒழுங்காக ஏற்பாடு செய்தால் அந்த ஆள் இருபது மீட்டருக்கு அப்பால் இருப்பார். நீங்கள் பேசுவதில் ஒரு சொல்கூட அவர் காதில் விழாது. நான் எடுத்த ஜோடிகளில் பெரும்பாலானவர்களுக்கு அந்த இரண்டு நிமிடம் சரியாக ஞாபகம் இல்லை. கேட்டவருக்குத் தான் என்ன கேட்டோம் என்றே தெரியாது. கேட்கப்பட்டவர் படத்தைப் பார்த்துவிட்டு, "நானா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன்?" என்பார். பதற்றத்தில் மனம் பிடித்து வைக்காமல் விட்டதைப் படம் பிடித்து வைக்கிறது. இந்த வேலையை நான் விரும்பிச் செய்வதற்குக் காரணம் அதுதான்.

ஜனவரி 13, காலை

எங்கே நிற்க வைப்பது என்ற கேள்வியை நேற்று விட்டுவிட்டுப் போனேன்.

முழுச்சட்டக் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ளது) 200 மி.மீ. லென்ஸ் போட்டு 20 மீட்டர் தள்ளி நின்றால், கிடைமட்டப் படத்தில் சுமார் 3.6 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் அடங்கும். ஒருவர் நின்று, ஒருவர் மண்டியிட்டு, இருவரும் தலை முதல் கால் வரை தாராளமாக வருவார்கள். 30 மீட்டர் போனால் 5.4 மீட்டருக்கு 3.6. இந்த வேலைக்குப் பெரும்பாலோர் 70–200 ஜூம் எடுத்து வருவது இதனால்தான். ஜோடி சொன்ன இடத்தில் நிற்காமல் சற்றுத் தள்ளி நின்றுவிட்டாலும், காலை நகர்த்தாமல் லென்ஸைத் திருகியே சமாளிக்கலாம். கேமராவோடு ஒரு ஆள் கிட்டே வர ஆரம்பித்தால் குட்டு உடைந்துவிடும்.

பக்கவாட்டில் நிற்பதுதான் நல்லது. நேர் பக்கவாட்டும் வேண்டாம். கேட்கப்படுகிறவரின் முகம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்படி ஒதுங்கி நிற்க வேண்டும். அந்தத் தூரத்தில் லென்ஸின் திறப்பை எஃப் 2.8 வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். பக்கவாட்டிலிருந்து எடுக்கும்போது இரண்டு முகமும் அதற்குள் வந்துவிடும். ஷட்டர் நொடியில் 1/500 பங்கு அல்லது அதைவிட வேகம். மண்டியிடுவதும் கட்டிப்பிடிப்பதும் நினைப்பதைவிட வேகமாக நடக்கும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. சூரியன் வானத்தில் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் பிந்தி வந்தால், போட்டோகிராஃபர் தேர்ந்தெடுத்த இடம் வேறு இடமாகிவிடும். அஸ்தமனத்தை ஒட்டி வைத்தால் அரை மணி பிந்தினாலே வெளிச்சம் போய்விடும். முந்தைய நாள் அதே நேரத்துக்கு அவரை அங்கே போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

ஜனவரி 13, மதியம்

மேலே ஒருவர், "இப்போது எல்லாக் கேமராவிலும் சத்தமில்லாத ஷட்டர் இருக்கிறதே, பக்கத்து மேசையில் உட்கார்ந்தே எடுக்கலாமே" என்று கேட்டிருக்கிறார்.

பகல் வெளிச்சத்தில் சரி. உணவகம் மாதிரி உள்ளிடங்களில் எல்.இ.டி. விளக்கு பிரச்சினை செய்யும். சத்தமில்லாத ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கப்படுகிறது. அதற்குள் விளக்கு துடிப்பதால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும், 60 ஹெர்ட்ஸில் 120 முறை. ஷட்டரை முதலாவதற்கு 1/100, இரண்டாவதற்கு 1/125 என்று வைத்தால் பட்டை பெரும்பாலும் அடங்கும். ஆனால் அந்த வேகத்தில் கை அசைவு கலங்கும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு, அதாவது திரை அசைந்து திறந்து மூடும் முறைக்கு, மாறினால் பட்டை குறையும், சத்தம் வந்துவிடும். சென்சாரை மிக வேகமாகப் படிக்கும் கேமராக்களில் இந்தத் தொல்லை குறைவு. 2021-இல் வந்த நிக்கான் இசட் 9-இல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது.

இதையெல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. "இதே மாதிரி வெளிச்சத்தில் நீங்கள் எடுத்த படங்களைக் காட்டுங்கள்" என்று போட்டோகிராஃபரிடம் கேளுங்கள், போதும்.

ஜனவரி 13, இரவு

மோதிரப் பெட்டியை வீட்டில் ஒருமுறை திறந்து பாருங்கள். அவசரத்தில் தலைகீழாகத் திறப்பவர்கள் உண்டு. மூடியின் கீல் உங்கள் பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் மோதிரம் அவரைப் பார்க்கும். கேமரா இருக்கும் பக்கத்து முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள். தூக்கி நிற்கும் தொடை மறுபக்கம் போய்விடும், கையும் பெட்டியும் மறையாது. எழுந்திருக்க அவசரப்படாதீர்கள். கேட்டு முடித்ததும் சட்டென்று எழுந்துவிடுகிறார்கள், அவர் முகம் மாறுகிற நேரத்தில் உங்கள் முதுகு நடுவில் வந்துவிடும்.

ஜனவரி 15

வேடம் போடுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தோட்டக்காரர், பரிமாறுபவர், சிலை மாதிரி நிற்பவர் என்று விதவிதமான யோசனைகள். எதுவும் தேவையில்லை. அழகான இடத்தில் கேமரா வைத்திருக்கும் ஆள், அழகான இடத்தைப் படம் எடுக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நான் ஒரு தோழியைக் கூட்டிப் போவேன். அவரை நிற்க வைத்து எடுப்பதுபோல் லென்ஸைத் திருப்பி வைத்திருப்பேன். ஜோடி வந்ததும் அவர் ஓரடி நகர்வார்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவான்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் எதிரே இருந்தவர்களைத் தெரியாமல் படம் எடுத்தார். கோட்டுக்குள் கான்டாக்ஸ் கேமரா, பொத்தான்களுக்கு நடுவே எட்டிப் பார்க்கும் லென்ஸ், பளபளக்கும் பாகங்களில் கறுப்பு வண்ணம். ஒளிந்து எடுப்பதற்கு இன்றைக்கும் அவரைத்தான் உதாரணம் சொல்கிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்தப் படங்களை அவர் 1966-இல்தான் புத்தகமாக்கினார் என்பது. எடுத்த கையோடு வெளியிட்டுவிடவில்லை. இது பின்னால் வேறு இடத்தில் தேவைப்படும்.

ஜனவரி 16

"மறுத்துவிட்டால் போட்டோகிராஃபர் என்ன செய்வார்?" என்று ஒருவர் ஒரே வரியில் கேட்டிருந்தார். இந்த இழையிலேயே பெரிய கேள்வி இது.

நான் எடுத்ததில் ஒருமுறை நடந்தது. ஏரிக்கரை, மாலை நேரம். எல்லாம் சொன்னபடி வந்தது. அவர் மண்டியிட்டார். அந்தப் பெண் முகத்தைப் பொத்தவில்லை, சிரிக்கவில்லை. குனிந்து அவர் தோளைப் பிடித்து எழுப்பினார். இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். அவர் தோளைத் தொட்டபோதே நான் கேமராவை இறக்கிவிட்டேன். பையைக் கட்டி, அவர்கள் கண்ணில் படாத வழியாக வண்டிக்குப் போய்விட்டேன். அன்றிரவு என்னை ஏற்பாடு செய்தவருக்கு அனுப்பியது ஒரு செய்திதான்: "படங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. யாருக்கும் காட்ட மாட்டேன். என்ன செய்வது என்று நீங்கள் சொல்லும்போது செய்கிறேன்." சில வாரம் கழித்து, அழித்துவிடுங்கள் என்று எழுதினார். அழித்தேன். பெஞ்சில் அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அது எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

அதிலிருந்து இதை முன்கூட்டியே பேசிவிடுகிறேன். பணம் கொடுப்பவருக்கு முகம் வாடும், ஆனாலும் பேசுவேன். "இல்லை" என்று வந்தால், அல்லது "கொஞ்சம் நேரம் கொடு" என்று வந்தால், நான் போய்விடுவேன், அறிமுகம் செய்துகொள்ள வர மாட்டேன், மீதிப் பணம் கேட்க மாட்டேன், படம் என் தளத்தில் வராது. "சரி" என்று வந்தாலும் ஓடி வந்து வாழ்த்துச் சொல்ல மாட்டேன். நீங்கள் கையைத் தூக்கிக் கூப்பிட்டால் வருவேன். ஐந்து நிமிடம் ஆனாலும் சரி, அரை மணி ஆனாலும் சரி.

மறுப்பைத் தாங்கும் ஏற்பாடுதான் நல்ல ஏற்பாடு. குடும்பமே புதரின் பின்னால் பலூனோடு நிற்கும்போது ஒருவர் எப்படி "யோசிக்கணும்" என்று சொல்வார்? போட்டோகிராஃபர் மட்டும் இருந்தால் சொல்லலாம். அவர் இருப்பதே தெரியாதல்லவா.

ஜனவரி 17

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். "தெரியாதல்லவா" என்று முடித்தது மனதுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. தெரியாமல் இருப்பது அந்த நிமிடத்துக்கு மட்டும்தான். பிறகு தெரியவரும். தன் வாழ்க்கையில் ரொம்பத் தனிப்பட்ட ஒரு நேரத்தை ஒரு அந்நியர் லென்ஸ் வழியாகப் பார்த்தார் என்று தெரியவரும். பெரும்பாலோர் மகிழ்கிறார்கள், அது உண்மை. சிலருக்கு ஒரு நொடி முகம் சுருங்கும். அதையும் பார்த்திருக்கிறேன்.

1945 ஆகஸ்ட் 14-ஆம் தேதி நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டேட் எடுத்த, கடற்படை வீரர் ஒருவர் ஒரு பெண்ணை முத்தமிடும் படம் எல்லாருக்கும் தெரியும். போர் முடிந்த மகிழ்ச்சி என்று உலகமே கொண்டாடிய படம். அந்தப் பெண் தான்தான் என்று சொன்ன கிரேட்டா சிம்மர் ஃபிரீட்மன், பல பத்தாண்டுகள் கழித்து, முத்தம் தன் விருப்பத்தில் நடந்ததல்ல, அந்த மனிதர் வந்து பிடித்துக்கொண்டார் என்று சொன்னார். இருவரும் முன்பின் தெரியாதவர்கள். ஒரு படம் பார்க்க எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தாலும், உள்ளே இருப்பவர் என்ன நினைத்தார் என்பதை அது சொல்லாது.

அதனால் நேற்றைய பட்டியலில் ஒன்று சேர்க்கிறேன். படங்கள் முதலில் கேட்கப்பட்டவரிடம் போக வேண்டும். பணம் கொடுத்தவரிடம் அப்புறம்தான். அவர் பார்த்து, இது இருக்கட்டும், இது வேண்டாம் என்று சொன்ன பிறகே மற்றவர்கள் கண்ணில் பட வேண்டும்.

ஜனவரி 19

"பணம் கொடுத்தவனுக்குத்தானே படம் சொந்தம்?" என்று ஒருவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார். நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர். அமெரிக்காவில் பொதுவாக எடுத்தவருக்கே பதிப்புரிமை. பிரிட்டனில் எடுத்தவருக்கு உரிமை இருந்தாலும், 1988 சட்டத்தின் 85-ஆம் பிரிவு, சொந்த, குடும்பத் தேவைக்காக எடுக்கச் சொன்னவருக்கு ஒரு பாதுகாப்புத் தருகிறது: அவர் சம்மதம் இல்லாமல் அந்தப் படங்களைப் பொதுவெளியில் காட்டக் கூடாது. கனடா 2012-இல் சட்டத்தைத் திருத்தி, எடுக்கச் சொன்னவரிடம் இருந்த உரிமையை எடுத்தவருக்கு மாற்றியது.

இந்த நான்கிலும் ஒருவரைக் காணோம், கவனியுங்கள். எடுத்தவர் இருக்கிறார், எடுக்கச் சொன்னவர் இருக்கிறார். எதுவுமே தெரியாமல் அங்கே நின்றிருந்தவருக்கு இந்தப் பிரிவுகளில் இடமே இல்லை. வேறு தனியுரிமைச் சட்டங்கள் சில இடங்களில் அவருக்குக் கைகொடுக்கலாம். ஆனால் வழக்குப் போடும் நிலைக்கு ஏன் போக வேண்டும்? ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்: "படத்தில் உள்ள இருவரும் எழுத்தில் சம்மதிக்கும்வரை போட்டோகிராஃபர் எங்கும் வெளியிடக் கூடாது. இருவரில் யார் கேட்டாலும் நீக்க வேண்டும்." இதற்கு ஒத்துக்கொள்ளாத போட்டோகிராஃபர் எவ்வளவு நல்ல படம் எடுத்தாலும் வேண்டாம்.

வெளியிடாமல் காத்திருந்த எவான்ஸை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 20, காலை

போட்டோகிராஃபருக்குக் கொடுக்கப் பணம் இல்லை, நண்பரை போனில் எடுக்கச் சொல்லலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. வீடியோவாக எடுக்கச் சொல்லுங்கள். 4கே வீடியோவின் ஒரு சட்டம் 3840-க்கு 2160 புள்ளிகள், அதாவது 83 லட்சம் புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டால் கிட்டத்தட்ட 13 அங்குல அகலம் வரும். மேசையில் வைக்க அது போதும். அசைவில் கொஞ்சம் கலங்கும், பரவாயில்லை. போனைக் கிடையாகப் பிடிக்கட்டும், விரலால் ஜூம் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டாம், மரத்திலோ சுவரிலோ சாய்ந்து நிற்கட்டும். முக்கியமாக, நண்பர் வாயைத் திறக்கக் கூடாது. அவர் போடும் "டேய்! ஒத்துக்கிட்டாடா!" என்ற சத்தம் காலத்துக்கும் அந்த வீடியோவில் இருக்கும்.

ஜனவரி 20, மாலை

ட்ரோன் வேண்டாம். இரைச்சலில் கேள்வியே கேட்காது. பல இடங்களில் அனுமதியும் வாங்க வேண்டும்.

ஜனவரி 23

இங்கே எல்லாருமே ஆண் கேட்பதாகவும் பெண் பதில் சொல்வதாகவும் எழுதுகிறோம். எனக்குப் பிடித்த படங்களில் ஒன்று ஒரு பெண் ஏற்பாடு செய்தது. அவர் மண்டியிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பையிலிருந்து கடிகாரம் ஒன்றை எடுத்துக் காதலரின் கையில் கட்டினார். கட்டும்போதே கேட்டிருக்கிறார். அந்த மனிதர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி உட்கார்ந்தபடி நடக்கப் போகிறதென்றால் முன்பே சொல்லுங்கள். மண்டியிடுவதைத்தான் சைகையாக நினைத்துப் போட்டோகிராஃபர் காத்திருப்பார். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் தலையில் வைத்தால் ஆரம்பம் என்று பேசி வைத்திருந்தோம். அதனால்தான் தவறவிடவில்லை.

ஜனவரி 24

"முதலில் தனியாகக் கேட்டுவிட்டு, அப்புறம் படத்துக்காக ஒருமுறை நடிக்கலாமே?" நல்ல யோசனை, நடிப்பு என்று யாரும் கூசத் தேவையில்லை. பாரிஸ் நகராட்சி மாளிகை முன்னால் முத்தமிடும் ஜோடியை ராபர்ட் துவானோ 1950-இல் லைஃப் பத்திரிகைக்காக எடுத்தார். போகிற போக்கில் அகப்பட்ட கணம் என்றே உலகம் அதை நினைத்தது. 1990-களில் வழக்கு வந்தபோதுதான், முத்தமிட்டுக்கொண்டிருந்த காதலர்களைப் பார்த்து அவர் திரும்பச் செய்யச் சொல்லி எடுத்தது என்று தெரியவந்தது. அவர்கள் அப்போது நிஜமாகவே காதலர்கள். படம் அதனால் கெட்டுவிடவில்லை.

கூச்ச சுபாவம் உள்ளவர், கூட்டம் பிடிக்காதவர், கேமரா கண்டால் விறைத்துப்போகிறவர் என்றால் நானே இதைத்தான் சொல்வேன். வீட்டில் கேளுங்கள். அடுத்த வாரம் அதே உடையில் இருவரும் வாருங்கள், எடுக்கலாம். முகத்தைப் பொத்திக்கொள்ளும் அந்த ஒரு படம் கிடைக்காது. மற்றதெல்லாம் கிடைக்கும்.

ஜனவரி 28

எப்படியெல்லாம் தெரிந்துவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். போட்டோகிராஃபர் கேமராவோடு மாட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. எல்லாம் செல்போன் வழியாகத்தான். பூட்டிய திரையில் "நாளைக்கு மோதிரத்தோடு எத்தனை மணிக்கு வருவீர்கள்?" என்று செய்தி மின்னும். வண்டி ஓட்டும்போது கார் ஸ்பீக்கரில் அழைப்பு வரும். இருவருக்கும் பொதுவான கணக்கிலிருந்து அட்வான்ஸ் போயிருக்கும். பொதுவான காலண்டரில் குறித்திருப்பார்கள். போட்டோகிராஃபர் பெயரை அலுவலக நண்பர் மாதிரி சேமியுங்கள், அறிவிப்புகளை மறையுங்கள், கிளம்பும்போது போட்டோகிராஃபருக்கு அன்றைய உடையில் ஒரு செல்ஃபி அனுப்பிவிட்டு இருப்பிடத்தைப் பகிருங்கள், பிறகு போனைத் தொடாதீர்கள்.

மழைக்கு மாற்று இடமும் முன்பே முடிவு செய்யுங்கள். அன்று மதியத்துக்குள் எந்த இடம் என்று தீர்த்துவிட வேண்டும். நெருக்கத்தில் மாற்றினால் போட்டோகிராஃபரும் நீங்களும் வேறு வேறு கரையில் நிற்பீர்கள்.

பிப்ரவரி 2

ஒரு பெண் எழுதியிருக்கிறார்: "இந்த இழையைப் படித்தபிறகு, என் காதலர் இதையேதான் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார் என்று சந்தேகம். எனக்குப் படம் எடுத்துக்கொள்வதே பிடிக்காது. கேட்டால் சதி கெட்டுவிடும், கேட்காவிட்டால் அந்த நேரம் முழுக்கப் புதரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன செய்ய?"

சொல்லிவிடுங்கள். அவருடைய தங்கையோ நெருங்கிய நண்பரோ யாராவது இருப்பார்கள், அவர்களிடம் பேச்சோடு பேச்சாக, "என்னை யாராவது தெரியாமல் படம் எடுத்தால் எனக்குத் தாங்காது" என்று சொன்னால் இரண்டு நாளில் அவர் காதுக்குப் போய்விடும். கேமரா வேண்டாம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும், நாளும் இடமும் உங்களுக்குத் தெரியாமலே இருக்கும். பணம் கட்டியாகிவிட்டதே என்று அவர் தயங்கினால், என்னைப் போன்றவர்கள் அந்த முன்பணத்தை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எடுக்கும் ஒரு மாலைக்கு மாற்றிக் கொடுப்போம். அதுவும் பிடிக்காது என்றால் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் கெடு எத்தனை நாள் என்று இருக்கும், அதற்குள் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.